தீவகத்தை ஆண்டவர்கள் – 9: நோர்த் பிரபுவின் இளைய மகன்

இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் 1798 ஒக்டோபர் 12ஆம் திகதி கொழும்பில் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 32. யாழ்ப்பாணக் குடாநாடும் அதன் மேற்கே சிதறிக் கிடக்கும் தீவுகளும் அன்று முதல் 1805 ஜூலை வரை அவர் பெயரால் ஆளப்பட்டன. அவர் பட்டாளத்தில் பெயரெடுத்தவரோ, கடல் வாணிபத்தில் அடிபட்டவரோ, கிழக்கு நாடுகளை முன்பின் கண்டவரோ அல்லர். இங்கிலாந்தில் 12 ஆண்டுகள் பிரதமராக இருந்த நோர்த் பிரபுவின் மகன் என்பதே அவர் கையிலிருந்த பெரிய தகுதி. அந்தக் காலத்து லண்டனில் அது போதுமானதாகவே கருதப்பட்டது.

நோர்த் குடும்பம் சட்டத்தாலும் அரண்மனைச் சேவையாலும் மேலெழுந்த குடும்பம். இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் காலத்தில் அரச முத்திரையின் காப்பாளராக இருந்த பிரான்சிஸ் நோர்த் 1683இல் கில்போர்ட் பிரபு ஆக்கப்பட்டார். அவருடைய பேரனுக்கும் பிரான்சிஸ் என்றே பெயர். வேல்ஸ் இளவரசர் பிரெடெரிக்கின் மாளிகையில் பணியாற்றிய இவர், சில காலம் இளவரசரின் மூத்த மகனை வளர்க்கும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். அந்தப் பையனே பின்னாளில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர். 1752இல் பேரன் பிரான்சிஸுக்கு ஏர்ல் பட்டம் வந்து சேர்ந்தது. 1732இல் பிறந்த அவருடைய மகனுக்கு இளவரசரே ஞானத்தந்தை. பெயரும் இளவரசரின் பெயர்தான். பிள்ளையும் மன்னரும் முகச்சாயலில் ஒத்திருந்ததை வைத்து லண்டனில் வம்பு பேசியவர்கள் உண்டு. வம்புக்கு ஆதாரம் கிடையாது. இரு வீடுகளும் எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு மட்டும் அது சாட்சி.

இந்த மகனைத்தான் வரலாறு நோர்த் பிரபு என்கிறது. ஏர்லின் மூத்த மகன் என்பதற்காக மரியாதைக்கு வழங்கிய பட்டம் அது. பிரபுக்கள் சபையில் ஆசனம் தராது. எனவே அவர் மக்கள் சபைக்குத்தான் போக வேண்டியிருந்தது. 1754இல், 22 வயதில், பான்பரி என்ற ஊரின் உறுப்பினரானார். அந்தத் தொகுதியில் மொத்த வாக்காளர் 18 பேர், எல்லோரும் நகரசபைக்காரர். ஊருக்குப் பக்கத்திலேயே ரொக்ஸ்டன் மாளிகை, நோர்த் குடும்பத்தின் இருப்பிடம். 18 பேரைக் கவனித்துக்கொள்வது ஒரு மாளிகைக்குச் சிரமமான வேலை அன்று. 1790இல் தகப்பனார் இறந்து பட்டம் கைக்கு வரும்வரை, 36 ஆண்டுகள், அந்த ஆசனம் அவரைவிட்டுப் போகவில்லை. தகப்பனார் நெடுங்காலம் வாழ்ந்ததால் குடும்பச் சொத்தும் கைக்கு வராமல், நாட்டின் திறைசேரியை நடத்தியவர் சொந்தக் கடனில் தவித்தார். ஒரு கட்டத்தில் அந்தக் கடனை மன்னரே தீர்த்துவைத்தார். அதன் பிறகு மன்னர் சொல்லைத் தட்டுவது அவருக்கு இன்னும் கடினமாயிற்று.

1767இல் நிதி அமைச்சர், 1770 ஜனவரியில் பிரதமர். பருத்த உடல், பிதுங்கிய கண்கள், குறைந்த பார்வை. ஆனால் சபையில் எதிரிகளும் விரும்பும் நகைச்சுவை. எதிர்க்கட்சியினர் தம்மைத் தாக்கிப் பேசும்போது ஆசனத்தில் சாய்ந்து உறங்கிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். கணக்கு வழக்கில் தேர்ந்தவர். போரை நடத்தும் மனவுறுதி அவரிடம் இருக்கவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களோடு மூண்ட போரின்போது பலமுறை பதவி விலக அனுமதி கேட்டார். மன்னர் விடவில்லை. விட்டிருந்தால் அவர் பெயர் இன்று ஒரு நல்ல நிதி அமைச்சரின் பெயராக நின்றிருக்கும்.

குடும்பத்தைக் கவனித்துக்கொள்வதில் அவர் பின்நிற்கவில்லை. மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பி பிரவுன்லோ நோர்த் 1771இல், 30 வயதில், லிச்பீல்ட் மறைமாவட்டத்தின் பிஷப் ஆக்கப்பட்டார். மூன்று ஆண்டில் வூஸ்டர், 1781இல் செல்வம் கொழித்த வின்செஸ்டர். பிஷப் பதவிக்கு வயது போதாதே என்று யாரோ முறையிட, வயது வரும்வரை காத்திருந்தால் அப்போது அண்ணன் பிரதமராக இருக்கமாட்டானே என்று நோர்த் பிரபு சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. இளைய மகன் பிரெடெரிக்கின் பங்கு 1779இல் வந்தது. திறைசேரியில் பழைய காலத்திலிருந்து எஞ்சிக் கிடந்த, வேலையில்லாத, சம்பளமுள்ள ஒரு பதவி அவருக்குக் கொடுக்கப்பட்டது. பையனுக்கு அப்போது 13 வயது. 1826இல் அந்தப் பதவியே ஒழிக்கப்படும்வரை அது அவரிடம்தான் இருந்தது.

தகப்பனாரின் ஆட்சி நம் பக்கத்தையும் தொட்டிருக்கிறது. கடனில் மூழ்கிய கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பணம் கொடுத்து, பதிலுக்கு அதன் கடிவாளத்தை அரசு கையில் எடுத்த ஒழுங்குபடுத்தும் சட்டம் 1773இல் வந்தது. வங்காளத்தில் ஆளுநர் நாயகம், கல்கத்தாவில் உயர் நீதிமன்றம், சென்னைக்கும் பம்பாய்க்கும் மேலாக ஒரு மேற்பார்வை என்பனவெல்லாம் அந்தச் சட்டத்தின் பிள்ளைகள். கால் நூற்றாண்டு கழித்து இலங்கைக்கு வந்த மகன் இந்த ஏற்பாட்டுக்குக் கீழ்ப்பட்டே ஆளவேண்டியிருந்தது. அதே 1773இல் அதே கம்பனியின் தேயிலையை அமெரிக்காவில் விற்றுத் தீர்க்க இன்னொரு சட்டமும் வந்தது. பொஸ்டன் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாகத் தேயிலை கடலில் போனது அதன் விளைவு.

1780 டிசம்பரில் நோர்த் பிரபுவின் அரசு ஒல்லாந்தர் மீது போர் தொடுத்தது. 1781 நவம்பரில் நாகபட்டினமும் 1782 ஜனவரியில் திருகோணமலையும் பிரித்தானியர் வசமாயின. திருகோணமலை அதே ஆண்டு பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரனிடம் பறிபோயிற்று. நாகபட்டினம் திரும்பவே இல்லை. தீவகத்திலிருந்து தோணிகள் வழக்கமாகப் போய்வந்த கரை அது. ஊர்காவற்றுறைக்கு எதிர்க்கரையில் ஆள் மாறியது மகன் வருவதற்கு 17 ஆண்டு முன்பே, தகப்பனார் காலத்தில்.

அமெரிக்காவில் யோர்க்டவுன் வீழ்ந்த செய்தி வந்த சில மாதங்களில், 1782 மார்ச்சில், நோர்த் பிரபு விலகினார். மறு ஆண்டு, தம்மைப் பல வருடம் கிழித்தெறிந்து பேசிய சார்ள்ஸ் ஜேம்ஸ் பொக்ஸுடனேயே கூட்டுச் சேர்ந்து ஆட்சிக்கு வந்து எல்லோரையும் திகைக்க வைத்தார். அந்தக் கூட்டணியை வீழ்த்தியதும் கம்பனி விவகாரம்தான். பொக்ஸின் இந்தியா மசோதாவை மன்னர் பிரபுக்கள் சபையில் தோற்கடிக்கச் செய்து, 1783 டிசம்பரில் அமைச்சரவையை நீக்கினார். கடைசி ஆண்டுகளில் நோர்த் பிரபுவுக்குப் பார்வை முற்றாகப் போய்விட்டது. 1792 ஓகஸ்டில் இறந்தார்.

அவரும் சமர்செட்டைச் சேர்ந்த ஆன் ஸ்பீக்கும் 1756இல் மணந்தவர்கள். மகிழ்ச்சியான இல்லறம் என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். மூத்த மகன் ஜோர்ஜ் மூன்றாவது ஏர்ல், இரண்டாமவர் பிரான்சிஸ் நான்காவது. மூத்த மகள் கதரின் மணந்த சில்வெஸ்டர் டக்ளஸ் பின்னர் கிளென்பர்வி பிரபு ஆனார். தென்னாபிரிக்க முனைக்கு ஆளுநராக நியமிக்கப்பட்டும் போகாமலே இருந்துவிட்டவர். அடுத்தவர் ஆன் ஷெபீல்ட் பிரபுவையும், கடைசி மகள் சார்லட் லிண்ட்சே என்ற படைவீரரையும் மணந்தனர். தப்பி வளர்ந்த ஆண்மக்களில் இளையவர் பிரெடெரிக்.

1766 பெப்ரவரி 7இல் பிறந்த பிரெடெரிக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே உடல்நலம் குறைவு. வெளிநாட்டு நீராடும் ஊர்களில் பெரும்பகுதி கழிந்தது. ஒக்ஸ்போர்டில் படித்தபின் ஸ்பெயின், இத்தாலி, கிரேக்கத் தீவுகள் எனச் சுற்றினார். மொழிகள் அவருக்கு எளிதில் வசப்பட்டன. பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய, இத்தாலிய, நவீன கிரேக்க மொழிகளைச் சரளமாகப் பேசினார். 1791 ஜனவரியில் கோர்பு தீவில் கிரேக்க வைதீகத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்று டிமிட்ரியோஸ் ஆனார். இது வெளியே தெரிந்திருந்தால் இங்கிலாந்தில் அரச பதவி கிடைத்திருக்காது. ஆகவே மறைத்தே வைத்தார்கள். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துப் பள்ளிகளுக்குச் சீர்திருத்தக் கிறிஸ்தவ உபதேசியார்களைத் தேடி நியமித்தவர் உள்ளூர வேறொரு திருச்சபையைச் சேர்ந்தவர்.

1792இல் தகப்பனார் இறந்து, அண்ணன் ஜோர்ஜ் பிரபுக்கள் சபைக்குப் போனதும் பான்பரி ஆசனம் வெறுமையாயிற்று. அந்த 18 பேரும் தம்பியைத் தேர்ந்தார்கள். இரண்டு ஆண்டில், லண்டன் துறைமுகச் சுங்கத்தில் இன்னொரு வேலையில்லாப் பதவி கிடைத்ததும், பாராளுமன்றத்தை விட்டார். பாராளுமன்றத்தில் அவர் சாதித்ததாகச் சொல்ல எதுவுமில்லை. 1795இல் பிரித்தானியர் பிடித்து வைத்திருந்த கோர்சிகாவில் அரச செயலாளர் வேலை; அடுத்த ஆண்டே பிரித்தானியர் அந்தத் தீவைக் கைவிட்டு வெளியேறினார்கள். அதற்குப் பிறகுதான் இலங்கை.

யாழ்ப்பாணக் கோட்டை 1795 செப்டெம்பர் 28இல் கேணல் ஸ்ருவார்ட்டிடம் சண்டையின்றிச் சரணடைந்திருந்தது. ஒல்லாந்தர் கொழும்பை ஒப்படைத்தது 1796 பெப்ரவரியில். தீவகத்தில் அப்போதிருந்த நிலை ஒல்லாந்தர் விட்டுப்போன நிலைதான். காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைப் பக்கத்துக்கு லெய்டன், புங்குடுதீவுக்கு மிடில்பர்க், நயினாதீவுக்கு ஹார்லெம் என்று தங்கள் நகரங்களின் பெயர்களை அவர்கள் வரைபடத்தில் எழுதியிருந்தார்கள். ஊரவர் வாயில் அவை ஏறவில்லை. நெடுந்தீவின் டெல்ப்ட் மட்டும் அரச எழுத்தில் இன்றுவரை தங்கிவிட்டது. யாழ்ப்பாணக் கடனீரேரி ஆழம் குறைந்தது. கப்பல்கள் ஊர்காவற்றுறையில்தான் நங்கூரம் போட வேண்டும். அதனால்தான் அந்த வாயிலை நடுக்கடலில் நின்ற கடற்கோட்டை காத்தது. வன்னியில் பிடித்த யானைகள் கப்பலேறியதும் அங்கிருந்தே. தீவுகளில் கிண்டிய சாயவேர் சோழமண்டலக் கரையின் துணிகளுக்குச் சிவப்பேற்றியது. அது அரசின் ஏகபோகம். நெடுந்தீவிலும் அயல் தீவுகளிலும் நல்ல மேய்ச்சல் இருந்ததால் குதிரையும் மாடும் வளர்க்கப்பட்டன. அக்காலத்தில் இங்கே படையதிகாரியாக இருந்த பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலிலும் இந்தக் குதிரை வளர்ப்பு இடம்பெறுகிறது.

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் கேடுகாலம். நாட்டைப் பிடித்தது கம்பனிப் படை. ஆகவே வரி வாங்கச் சென்னையிலிருந்து வந்த ரொபேட் அன்ட்ரூஸ், முதலியார்களையும் உடையார்களையும் ஒதுக்கிவிட்டு அமுல்தார்களையும் துபாஷிகளையும் இறக்கினார். ஊழியத்துக்குப் பதிலாகப் பணவரி. தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு வெள்ளிப் பணம். வரியை ஏலத்தில் எடுத்தவர்கள் ஊரை அறியாதவர்கள். எடுத்த தொகையை மிஞ்சிப் பிடுங்குவதில் மட்டும் குறியாக இருந்தார்கள். 1797இல் கிளர்ச்சி வெடித்தது. விசாரிக்க அமர்த்தப்பட்ட டி மியூரோன் குழு, பழைய தலைமைக்காரரை மீண்டும் அமர்த்தவும் வரியை நீக்கவும் பரிந்துரைத்தது. இந்த நெருப்பை அணைக்கத்தான் லண்டன் அரசு தன் சொந்த ஆளாக ஒரு தேசாதிபதியை அனுப்பியது.

சொந்த ஆள் என்றாலும் முழு அதிகாரம் இல்லை. 1802 ஜனவரி 1ஆம் திகதி இலங்கை முடிக்குரிய குடியேற்றநாடு ஆகும்வரை, நோர்த் கல்கத்தாவின் ஆளுநர் நாயகத்துக்கும் கட்டுப்பட்டவர். சென்னைக் கம்பனி அதிகாரிகள் அவரை அந்நியராகவே பார்த்தார்கள். அவரோடு லண்டனிலிருந்து வந்த சிவில் சேவையாளர்களில் மீசை அரும்பாத பையன்களும் இருந்தார்கள். செயலாளராக வந்த ஹியூ கிளெக்ஹோர்ன், டி மியூரோனின் கூலிப்படையை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தெடுத்து இலங்கை எளிதில் விழக் காரணமாக இருந்த கெட்டிக்காரர். அவரோடும் தேசாதிபதிக்கு ஒத்துவரவில்லை. முத்துக்குளிப்புக் கணக்கில் எழுந்த சச்சரவுக்குப் பின் 1800இல் கிளெக்ஹோர்ன் விலகிப் போனார்.

1799 செப்டெம்பர் 23இல் வந்த பிரகடனம் நோர்த் ஆட்சியின் மிக நீடித்த செயல் எனலாம். ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களே தொடரும் என்றும், யாவரும் தத்தம் சமய வழிபாட்டை அமைதியாக நடத்தலாம் என்றும் அது அறிவித்தது. புதிய வழிபாட்டிடத்துக்கு மட்டும் அனுமதி பெறவேண்டும். தீவகத்தில் இதன் பெறுமதி புரியும். போர்த்துக்கேயர் இடித்த நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில் 1788இல், ஒல்லாந்தர் பிடி தளர்ந்த காலத்தில்தான் மீண்டும் எழுந்திருந்தது. ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர் ஒன்றரை நூற்றாண்டாக ஒளித்து வழிபட்டவர்கள். அவர்களுக்குச் சிவில் உரிமைகள் முழுமையாகக் கிடைத்தது 1806இல், அடுத்த தேசாதிபதி காலத்தில். கதவு திறந்தது 1799இல்.

காணி விடயத்தில் நோர்த் புத்தகப் படிப்பை நம்பினார். தலைமைக்காரருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக விடப்பட்டிருந்த நிலங்களை அரசு எடுத்துக்கொண்டு, பணமாகச் சம்பளம் கொடுக்க முனைந்தார். ஊழியத்தையும் ஒழித்து எல்லாவற்றையும் பணக் கணக்காக்க விரும்பினார். நோக்கம் நல்லது. நிலமும் சாதியும் ஊழியமும் ஒன்றோடொன்று முடிச்சிட்ட நாட்டில், வெளியூர்க்காரர் ஒருவர் ஏழு ஆண்டில் அவிழ்க்கக்கூடிய முடிச்சு அல்ல அது. நகை அணிவோரிடம் வரி வாங்கும் யோசனையும் இவர் காலத்தில்தான் வந்தது. பெண்ணின் தாலிக்கொடியையே சொத்தாகக் கருதும் சமூகத்தில் இது எப்படி வரவேற்கப்பட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1800இல் நில அளவைத் திணைக்களம், 1801இல் நீதிப் பட்டயம், 1802 மார்ச்சில் அரச வர்த்தமானி என்று இன்றும் இயங்கும் நிறுவனங்கள் சில இவர் தொடக்கியவை.

பள்ளிக்கூடங்களில் அவருக்கு உண்மையான பற்று இருந்தது. ஒல்லாந்தர் ஒவ்வொரு கோயிற்பற்றிலும் ஒரு பள்ளி வைத்திருந்தார்கள். தீவகத்தில் அல்லைப்பிட்டி, வேலணை, காரைதீவு, புங்குடுதீவு ஆகிய ஊர்க் கோயில்களைப் பற்றிப் பால்டேயஸ் பாதிரியார் 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். 1796க்குப் பின் சம்பளம் நின்று, உபாத்தியாயர்கள் கலைந்துபோனார்கள். நோர்த் ஜேம்ஸ் கோர்டினர் என்ற குருவானவரைப் பள்ளிகளின் தலைவராக்கி அவற்றைத் திரும்பத் திறந்தார்; 1801அளவில் நாடெங்கும் ஏறத்தாழ 170 பள்ளிகள் நடந்தன. கொழும்பு உயர்கல்லூரியில் சிங்களம், தமிழ், ஐரோப்பியம் என மூன்று பிரிவுகள். தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரின் மாணவராக வளர்ந்த கிறிஸ்தியான் தாவீது யாழ்ப்பாணத்தில் தமிழ்ப் போதகரானதும் இந்தக் காலத்தில்தான். லண்டனுக்கு இதெல்லாம் வீண் செலவாகப் பட்டது. 1803இல் ஆண்டுச் செலவை 1,500 பவுனுக்குள் அடக்கும்படி கட்டளை வந்ததும், ஊர்ப்பள்ளிகளின் சம்பளம் மறுபடி நின்றது. பிறகு 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்து இறங்கும்வரை குடாநாட்டில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

1800இல் நோர்த் கொழும்பிலிருந்து தெற்கே காலி, மாத்தறை வழியாகப் புறப்பட்டு, மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு கடந்து யாழ்ப்பாணம் வந்து, மன்னார் வழியாகத் திரும்பினார். பல்லக்குத் தூக்குவோரும் சுமைகாரரும் நூற்றுக்கணக்கில். யானைகள், குதிரைகள், லஸ்கரின் காவலர் வேறு. கூடவே போன கோர்டினர் 1807இல் அச்சிட்ட நூலில் இந்தப் பயணத்தை விரிவாக எழுதினார். யாழ்ப்பாணத்தில் படைத்தலைவரும் கலெக்டருமாக இருந்த கேணல் பார்பட் அவர்களை வரவேற்றார். நோர்த் அனுப்பிய அதிகாரிகளுக்குள் ஊர்மக்கள் மதித்தவர் பார்பட். பெரியம்மை அடிக்கடி வாரிக்கொண்டு போன காலம் அது. அம்மைப்பால் குத்துவதற்கு யாழ்ப்பாணம் உட்பட முக்கிய நகரங்களில் மருத்துவமனைகள் அமைக்கப்பட்டன. 1802இல் பசு அம்மைப்பால் இலங்கைக்கு வந்ததும் மருத்துவர் தோமஸ் கிறிஸ்டியின் மேற்பார்வையில் அது பரவியது. நோர்த் ஆட்சியால் பிழைத்தவர்களைக் கணக்கிட முடிந்தால் அந்தக் கணக்கு இங்கேதான் தொடங்க வேண்டும்.

வருமானத்துக்கு அவர் நம்பியது மன்னார் முத்து. 1797, 1798 குளிப்புகள் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பவுனுக்கு மேல் தந்திருந்தன. அவற்றைக் கம்பனி அள்ளிக்கொண்ட பிறகு சிப்பிப் பார்கள் ஓய்ந்துபோயின. அடுத்த குளிப்புகளை நேரில் மேற்பார்க்க அரிப்புக் கரையில் கிரேக்கப் பாணியில் தூண் நிறுத்தி ஒரு மாளிகை கட்டினார். டொரிக் என்ற அந்த வீட்டின் இடிபாடுகளைக் கடல் இப்போது அரித்துக்கொண்டிருக்கிறது.

கண்டி விவகாரத்தில் இதே மனிதர் செய்தது மன்னிக்க முடியாதது. கண்டி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அரியணையில் ஏற்றிய முதல் அதிகார் பிலிமத்தலாவை, அதே மன்னரைக் கவிழ்க்கப் பிரித்தானியரின் உதவியை நாடினார். கொலைச் சதி என்று தெரிந்தபின் பேச்சை முறித்திருக்க வேண்டிய நோர்த், மறுத்துக்கொண்டே பேச்சை வளர்த்தார். 1802இல் புத்தளம் வணிகரின் பாக்கைக் கண்டியர் பறித்தது போருக்குச் சாட்டாயிற்று. 1803 பெப்ரவரியில் கொழும்பிலிருந்து மக்டவலும் திருகோணமலையிலிருந்து பார்பட்டும் படையோடு போய்ச் சேர்ந்தபோது கண்டி நகரம் ஆளில்லாமல் கிடந்தது. பிரித்தானியர் பாதுகாப்பில் வாழ்ந்துவந்த முத்துசாமியை அரசனாக்கினார்கள். குடிகள் யாரும் வரவில்லை. காய்ச்சல் படையைத் தின்றது. பார்பட்டும் அதற்கே பலியானார். ஜூன் 24இல் கண்டியில் விடப்பட்டிருந்த படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலிக் கரையில் அவருடைய ஆட்களும், மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். முத்துசாமியும் தப்பவில்லை. டேவி சிறையிருந்தே பல ஆண்டுகளின் பின் இறந்தார்.

அந்த ஆண்டே வன்னியும் எழுந்தது. பண்டார வன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்துப் பிரித்தானியக் காவற்படையைக் கடல் வழியே ஓடவைத்தார். வடக்கில் கையிலிருந்த படைகள் திரட்டப்பட்டு, 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வொன் ட்ரீபெர்க் அவரைத் தோற்கடித்தார். இடத்தைக் காட்ட ஒரு கல் பிற்காலத்தில் நடப்பட்டது. அடங்கிய வன்னியை நிர்வகித்தவர் ஜோர்ஜ் டர்னர், இன்னொரு ஏர்லின் இளைய மகன்; மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த டர்னரின் தகப்பனார். இளைய மகன்களுக்கு வேலை தேடும் இங்கிலாந்துப் பெருங்குடும்பங்களுக்கு யாழ்ப்பாணக் கச்சேரியும் ஒரு வாசலாகிவிட்டது.

1805 ஜூலையில் நோர்த் புறப்பட்டார். பின்வந்த தோமஸ் மெயிற்லன்ட் பட்டாளத்துக்காரர், சிக்கனக்காரர், முன்னவரின் செயல்களைக் கேலி பேசியவர். தலைமைக்காரரின் ஊழியக் காணிகளைத் திருப்பிக் கொடுத்தார். பள்ளிச் செலவை இன்னும் வெட்டினார். தீவகத்து உடையார்களுக்கும் மணியகாரருக்கும் இது பழைய ஒழுங்கு திரும்பியதாகவே பட்டிருக்கும். நெடுந்தீவுக் குதிரை வளர்ப்பு இருவருக்கும் பின்னாலும் நடந்தது. லெப்டினன்ட் நோலன் என்பவர் அங்கேயே தங்கிப் பல ஆண்டுகள் அதை நடத்தினார். அது கைவிடப்பட்டபின் குதிரைகள் கட்டாக்காலிகளாகப் பெருகின.

இங்கிலாந்தில் நோர்த்துக்கு அரசியல் வேலை எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அண்ணன்மார் இருவரும் ஆண்வாரிசின்றி இறந்தார்கள்: ஜோர்ஜ் 1802இல், பிரான்சிஸ் 1817இல். ஐந்தாவது ஏர்ல் பட்டம் கைக்கு வந்ததும் அவர் பழைய காதலான கிரேக்கத் தீவுகளுக்குத் திரும்பினார். அயோனியத் தீவுகள் அப்போது பிரித்தானியர் பாதுகாப்பில். அங்கே உயர் ஆணையாளராக இருந்தவர் அதே மெயிற்லன்ட். கோர்புவில் பல்கலைக்கழகம் அமைக்க நோர்த் எடுத்த முயற்சியை அவர் உயிரோடிருந்தவரை நகரவிடவில்லை. 1824 ஜனவரியில் மெயிற்லன்ட் இறந்தார். அந்த ஆண்டே பல்கலைக்கழகம் திறந்தது. வேந்தரான நோர்த் பழங்கிரேக்கர்போல உடுத்தி, தலையில் பொற்பட்டம் கட்டி நடந்ததைப் பார்த்துப் பிரித்தானிய அதிகாரிகள் சிரித்தார்கள். மாணவருக்கு உணவும் உடையும் சொந்தப் பணத்தில் கொடுத்தார், நூலகத்தையும் நிரப்பினார்.

1827 ஒக்டோபர் 14இல் லண்டனில் இறந்தார், மணமுடித்திருக்கவில்லை. நூல்களைக் கோர்புவுக்கு எழுதிவைத்திருந்தாலும் அவர் விதித்த நிபந்தனைகள் நிறைவேறாததால் அவை லண்டனில் ஏலத்துக்குப் போயின. பட்டம் சித்தப்பா பிரவுன்லோ பிஷப்பின் மகன் பிரான்சிஸுக்குச் சென்றது. குருவானவரான இவர் வின்செஸ்டரில் ஏழைகளுக்கான சென்ற் குரொஸ் அறநிலையத்தின் தலைமையைத் தகப்பனாரிடமிருந்து பெற்று, அதன் வருமானத்தைத் தாமே அனுபவித்தார். அது நீதிமன்றம்வரை போய், விக்டோரியா காலத்தில் இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்குப் பெரிய செய்தியாயிற்று.